எங்கள் வீட்டு கெப்பும் ஒரு வோட்டர் பம்ப்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையில் எங்கள் வீட்டு வாசலில், பழைய கெப்புக்குக் கீழே நான் மல்லாந்து கிடந்ததைப் பல பேர் பார்த்தீர்கள். "சேர், கராஜில குடுத்தா அரை நாள் வேலைதானே" என்று சிலர் சொன்னீர்கள். "இதை வித்துட்டு நல்ல ஒன்னு எடுங்களேன்" என்று சிலர். பத்தாம் ஆண்டில் படிக்கிற ஒரு பிள்ளை சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டான்: "சேர், இந்தப் பழசை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

வரலாறு படிப்பிக்கிறவனிடம் "ஏன் இன்னும்" என்று கேட்டால் சுருக்கமாகப் பதில் வராது. அவனுக்கு அன்று சிரித்து மழுப்பினேன். சரியான பதில் இதுதான்.

வண்டியை முதலில் சொல்லிவிடுகிறேன். டட்சன் சின்ன கெப், ஸ்ரீ இலக்கம். 1980க்குப் பிறகு வாப்பா வாங்கியது. நிஸான் கம்பனி 1971இல் வெளியிட்ட மாதிரி இது. 1,171 சீசீ பெற்றோல் எஞ்சின், ஏ12 என்று சொல்வார்கள். ஜப்பானில் 1994 வரைக்கும், தென்னாபிரிக்காவில் 2008 வரைக்கும் இதே மாதிரியைச் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு காலம் ஒரு வாகனத்தை மாற்றாமல் செய்கிறார்கள் என்றால் அதில் மாற்ற ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். பொனட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும். இப்போதைய வாகனங்களில் பொனட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் நம்மைப் பார்க்கும்.

இந்த கெப்பில்தான் வாப்பா பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சம்பள நாட்களில் உடுப்பும் கருவாடும் ஏற்றிப் போனார். நான் பின்னால் கருவாட்டு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து போன பிள்ளை. இன்றைக்கும் அந்த வாசம் முற்றாகப் போகவில்லை.

விடுமுறையின் முதல் கிழமை, காலையில் வண்டிக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தடம். விசிறிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் வோட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஈரம். பம்ப்பின் உடலில் அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தெரியாதவர்கள் அதைக் கோளாறு என்று நினைத்து எம்சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஓட்டை வேண்டுமென்றே போடப்பட்டது. பம்ப்புக்குள் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பேரிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் கசிகிற தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே விழுவதற்குத்தான் அந்த ஓட்டை. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் ஆடும், கடைசியில் விசிறி போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ரேடியேட்டருக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டி வரும்.

சொட்டுச் சொட்டாகக் கசிகிறதுதானே, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓடலாமே என்று கேட்கலாம். கொழும்பில் அப்படிக் கொஞ்ச நாள் ஓடலாம். நம்ம ஊரில் முடியாது. காரணம் மலை.

பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கிற வெப்பமும் குறையும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு 1 பாகை. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் அப்புத்தளையில் 95இலேயே கொதித்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மூடியில் 0.9 என்று போட்டிருந்தால் கொதிநிலை 20 பாகை அளவுக்கு மேலே போகும். ஆனால் பம்ப் கசிந்தால் அந்த அழுத்தம் நிற்காது. எஞ்சினுக்கு ஆகக் கூடுதலாகக் கஷ்டம் வருகிற ஏற்றத்தில்தான் தண்ணீர் ஆகக் கெதியாகக் கொதிக்கும். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறிப் பாருங்கள். 200 மீற்றரில் இருந்து 1,000 மீற்றருக்கு மேல், 30 கிலோமீற்றருக்குள். கீழே இருந்து வருவது சூடான காற்று, வண்டி இரண்டாவது கியரில், பின்னால் பாரம். இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற லொறிகளை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லாரும் அழகு பார்க்க நின்றவர்கள் அல்ல.

இப்படி ஏற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது மோட்டார் வண்டிக்கும் முந்தின பழக்கம். கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டிகளும் இதே இடங்களில்தான் நின்றன. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட. தோட்டத்தில் பாறைக்கு நடுவில் இருந்து மூங்கிலோ குழாயோ வைத்து இறக்கிய ஊற்றைப் "பீலி" என்பார்கள். பீலிக்கரையில் குளிப்பு, துவைப்பு, ஊர்க் கதை எல்லாம் நடக்கும். ரோட்டோரத்துப் பீலியில் முதலில் மாடு குடித்தது, பிறகு லொறி குடித்தது. நம் டிரைவர்மார் இன்றைக்கும் எந்த வளைவில் தண்ணீர் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அது அப்படியே தலைமுறையாக வந்த அறிவு.

ஆரம்ப கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் வோட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை மட்டும் நம்பித்தான் எஞ்சினைக் குளிர வைத்தார்கள். ஃபோர்ட் கம்பனியின் பெயர் போன மொடல் டீ 1908இல் வந்தபோது முதல் 2,500 வண்டிகள் அளவுக்குத்தான் பம்ப் வைத்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டு, 1927இல் அந்த மொடல் முடியும் வரைக்கும் பம்ப் இல்லாமலே விற்றார்கள். நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மொரிஸ் மைனர்கூட 1948இல் வந்தபோது பம்ப் இல்லாத வண்டிதான். சமதரையில் இதெல்லாம் சரி. பாரத்தோடு மலை ஏறும்போது தண்ணீர் தானாகச் சுற்றுகிற வேகம் போதாது. அப்போது பெல்ட்டால் சுற்றுகிற பம்ப் ஒன்று தண்ணீரைத் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

ஊவாவுக்கு ரயில் வந்த கதையையும் இதற்குள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்துவிட்டது. பதுளைக்கு வர 1924 ஆனது. ஏறக்குறைய 30 வருடம் பதுளைப் பக்கத்துத் தேயிலை ரோட்டில்தான் ரயிலடிக்குப் போனது. ரயில் வந்த பிறகும் அது ஓடுவது ஒரு கோட்டில். தோட்டங்கள் இருப்பது அதற்கு இரண்டு பக்கமும் மலை முழுக்க. தொழிற்சாலையிலிருந்து ஸ்டேஷனுக்கும், டவுனிலிருந்து லயத்துக்கும் வண்டிதான் வேண்டும். துரைமாருக்கு லேண்ட் ரோவர், தோட்டத்துக்கு பெட்போர்ட் லொறி, எங்களைப் போன்ற கடைக்காரருக்கு அரை டன் ஒஸ்டின். எங்கள் அப்பா வைத்திருந்தது ஒஸ்டின். (எங்கள் வீட்டில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. தமிழ் நண்பர்கள் குழம்ப வேண்டாம்.)

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. இந்த வண்டிகளை யார் ஓட வைத்தது?

கம்பனிகளின் வேர்க்ஷொப் பெரும்பாலும் கொழும்பிலும் கண்டியிலும். பதுளையில் இருந்த பெரிய இயந்திர அறிவு டவுனில் இருக்கவில்லை, தோட்டத்துத் தொழிற்சாலைகளில் இருந்தது. தோட்டத்து ஆட்கள் அதை "இஸ்டோர்" என்பார்கள். மலையகத்தில் இயந்திரம் என்பது கோப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1854இல் ஜோன் வோக்கர் கண்டியில் கம்பனி தொடங்கியதே கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுக்கத்தான். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்து, பிறகு தேயிலை வந்தபோது இயந்திரம் இன்னும் கூடியது. உருட்டுகிற ரோலர், பெல்பாஸ்ட்டிலிருந்து வந்த டேவிட்சன் கம்பனியின் சிரொக்கோ அடுப்பு, சல்லடை இயந்திரங்கள், எல்லாவற்றையும் சுற்றுகிற நீள இரும்புத் தண்டு, அதில் தோல் பெல்ட்டுகள், அதைச் சுற்ற நீர்ச்சக்கரம், பிறகு டீசல் எஞ்சின். கொழுந்து வந்த பிறகு இயந்திரம் நின்றால் அன்றைய கொழுந்து பழுதாகிவிடும். கண்டியிலிருந்து ஆள் வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆகவே தோட்டத்திலேயே ஒரு பிட்டர் வேண்டும், அவருக்கு ஒரு பட்டறை வேண்டும். பெரிய இஸ்டோர்களில் லேத்தும் இருந்தது.

அந்தப் பிட்டர் பெரும்பாலும் லயத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போகிறவர்கள். அவர் மட்டும் சின்ன வயதில் எண்ணெய் ஊற்றுகிற வேலைக்கு இஸ்டோருக்குள் போய், பார்த்துப் பார்த்துப் படித்தவர். ஏட்டுப் படிப்பு குறைவு. ஆனால் ஒரு தண்டு எத்தனை நூல் தேய்ந்திருக்கிறது என்பதை விரலால் தடவிச் சொல்வார். நம் பாடப் புத்தகங்களில் தோட்டத் தொழிலாளி என்றாலே கொழுந்துக் கூடைதான் படமாக இருக்கும். இந்த மனிதர்களின் படம் எதிலும் இல்லை. நான் படிப்பிக்கிற பாடத்தின் குறையாகத்தான் அதைச் சொல்கிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த அப்படியான ஒருவர்தான் எங்கள் ஒஸ்டினின் வைத்தியர். வாப்பா அவரைக் கடைசி வரைக்கும் "பிட்டர் ஐயா" என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமையில் டவுனுக்குச் சாமான் வாங்க வருவார். கடைக்குப் பின்னால் வண்டியைப் பார்ப்பார். அப்பா காசு கொடுத்தால் வாங்க மாட்டார், சீனியும் துணியும் கணக்கில் கழியும். யாருக்கு யார் கடன் என்று இரண்டு பேருக்குமே தெரியாது என்று வாப்பா சிரிப்பார்.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து, கார் இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. பிறகு ஒவ்வொரு பொருளாக அனுமதிப் பத்திரத்துக்குள் வந்தது. 1968இல் வெளிநாட்டுச் செலாவணிக்கு இரண்டு விலை வந்தது. அத்தியாவசியம் இல்லை என்று அரசாங்கம் நினைத்த பொருட்களுக்குக் கூடுதல் விலை. 1970இலிருந்து 1977 வரைக்கும் நிலைமை இன்னும் இறுகியது. உபாலி விஜேவர்தன மஸ்டா, பியட் கார்களை உள்நாட்டில் பொருத்திக் கொடுத்ததும் அந்தக் காலம்தான். ஆனால் அது கொழும்பு ஆட்களின் கதை. பதுளையில் இருந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் மட்டும். அவை ஓட வேண்டும், அல்லது நிற்க வேண்டும்.

ஒஸ்டினின் வோட்டர் பம்ப் போனது அப்படி ஒரு வருடத்தில். புது பம்ப் இல்லை. சீல் இல்லை. பஞ்சிகாவத்தையில் பழைய பம்ப் ஒன்று இருந்தது, அதுவும் போனதுதான். வாப்பா அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, டோர்ச் பிடிக்கிற வேலை அவருக்கு. பிட்டர் ஐயா பம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோய், தேய்ந்த தண்டை லேத்தில் கடைந்து சமப்படுத்தி, அதன் அளவுக்கு வெண்கலத்தில் புஷ் ஒன்று செய்தாராம். சீல் இருக்க வேண்டிய இடத்தில், இஸ்டோர் தண்ணீர் பம்ப்பில் இருப்பதைப் போல, கொழுப்பில் தோய்த்த பருத்திக் கயிற்றைச் சுற்றி, ஒரு நட்டால் நெருக்கி வைத்தார். அது நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்தின முறை. அதாவது காலத்தைப் பின்னுக்குத் திருப்பி ஒரு பம்ப்பைச் செய்திருக்கிறார். "சொட்டும், ஆனா ஓடும். சொட்டு நின்னாத்தான் பயப்படணும்" என்று சொன்னாராம். கயிறு வைத்த பம்ப்பில் அது சரியான வார்த்தை. ஒன்றிரண்டு சொட்டு வந்துகொண்டே இருந்தால்தான் கயிறு எரியாது.

கெஸ்கட் செய்த விதத்தை வாப்பா எனக்குச் செய்தே காட்டியிருக்கிறார். கொப்பி அட்டையைப் பம்ப்பின் வாயில் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டினால் அட்டை அந்த அளவுக்கே வெட்டுப்படும். பிறகு இரண்டு பக்கமும் கிரீஸ். பேரிங் நல்லதா என்று பார்க்க நீளத் திருப்புளியின் நுனியைப் பம்ப்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது. இதெல்லாம் பிட்டர் ஐயா வாப்பாவுக்குக் கொடுத்தது. வாப்பா எனக்குக் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் மெக்கானிக் இல்லை. இருந்தும் இவ்வளவு தெரியும் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

சிலர் அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்கள். கதவை மூடியதால்தான் நாமே செய்யப் பழகினோம், சொந்தக் காலில் நின்றோம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே மூடிய கதவுக்குள்ளேதான் 1973, 1974இல் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். லயத்தில் இருந்தவர்கள் டவுனில் வந்து கையேந்திய நாட்களை வாப்பா கண்ணால் பார்த்தவர். அதைப் பற்றி மட்டும் அவர் கூடக் கதைக்க மாட்டார். வெண்கலப் புஷ்ஷைக் கொண்டாடும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிட்டர் ஐயாவும் அந்தக் காலத்தில்தான் போனார். சாகவில்லை, அனுப்பப்பட்டார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் ஆனவர்களில் அவரும் ஒருவர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதும்போது பிள்ளைகள் அமைதியாகக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு வரும் எண்கள். அந்த 525,000க்குள் எத்தனை பிட்டர்கள், எத்தனை லொறி டிரைவர்கள், எத்தனை லேத்துக்காரர்கள் என்று எந்தப் புத்தகமும் எண்ணவில்லை. தொழிலாளர்களை அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டு இந்த மலையின் இயந்திர அறிவில் ஒரு பங்கையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறினார், தலைமன்னாரில் கப்பல், பிறகு இராமேஸ்வரம். அப்பா ஸ்டேஷனுக்குப் போனார், வாப்பாவும் கூடப் போனார். கோத்தகிரிப் பக்கம் இருந்து ஒரு கடிதம் வந்ததாம். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசாங்கம் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை, ஆனால் பிட்டர் வேலை இல்லை, கொழுந்து வேலை என்று எழுதியிருந்தாராம். ஒஸ்டின் எப்படி ஓடுகிறது என்றும் கேட்டிருந்தார். அப்பா பதில் போட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றது.

1977இல் ஆட்சி மாறியது. அந்த வருட நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ரொனி டி மெல் கதவைத் திறந்துவிட்டார். ஜப்பான் வாகனங்கள் வந்தன. ஒஸ்டின் போய் டட்சன் வந்தது. பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறினால் எந்த உதிரிப்பாகமும் பெட்டியோடு கிடைத்தது. பழையதைக் கடைந்து புதுப்பிக்கிற வேலை மெல்ல மெல்லச் செத்தது. கழற்று, எறி, புதிது போடு. தோட்டங்களும் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. வாப்பா மட்டும் கழற்றிய எதையும் எறியவில்லை. உம்மாவுக்கு அதுதான் வாழ்நாள் முறைப்பாடு. டட்சனின் முதல் பம்ப்பும் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எண்ணெய்த் துணி சுற்றி இருந்தது.

நானும் அதைக் குப்பை என்று நினைத்த ஆள்தான். கலாசாலையில் இருந்த இரண்டு வருடமும் லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த கெப்பை விற்கச் சொல்லி வாப்பாவோடு சண்டை. பிறகு 2020 மார்ச் வந்தது. வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது, நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது, ஜூலையில் கியூஆர் காட்டிப் பெற்றோல் வாங்க வரிசையில் நின்றோம். கார், வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். அப்பா காலத்துக் கதவு என் கண் முன்னால் இன்னொரு தடவை மூடியது. அந்த நாட்களில் மருந்துக்கும் மரக்கறிக்கும் எங்கள் தெருவுக்கே ஓடியது இந்தப் பழசுதான். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்க 2025 பெப்ரவரி 1 வரைக்கும் காத்திருந்தோம். திரும்ப வந்தபோது வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்தீர்கள்தானே. ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அந்தக் கதவு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

இனி அந்த இரண்டு நாள் வேலை. போன வருடம் புது பம்ப் ஒன்று போட்டிருந்தேன். பெட்டி அழகு, மேலே ஜப்பான் எழுத்து. ஒரு வருடம் முடியவில்லை, சீல் போய்விட்டது. எங்கே வாங்கினேன் என்று கேட்க வேண்டாம். இன்னொன்று வாங்கினாலும் அதே சரக்குதான். அதனால் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

பழைய பம்ப்பின் உடலும் உள்ளே இருக்கிற விசிறித்தட்டும் நல்ல நிலையில் இருந்தன. பேரிங்கும் சீலும்தான் மாற்ற வேண்டும். டவுனில் லேத் வைத்திருக்கிற ஒரு பாஸ், பேரிங்கின் நம்பரைப் பார்த்து அதே அளவில் ஒன்று தேடித் தந்தார், பிரஸ்ஸில் வைத்து இறுக்கியும் கொடுத்தார். சீல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. அவருடைய தாத்தாவும் தோட்டத்து இஸ்டோரில் வேலை செய்தவராம். எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

கழற்றும் வேலை கஷ்டம் இல்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பெற்றரி வயரைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் தண்ணீரை வடித்தோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துபோகும். வடிந்த தண்ணீர் பிளேன்டீ நிறம். எங்களுக்கு என்ன பனியா கொட்டுகிறது, கூலண்ட் எதற்கு என்று வருடக்கணக்காகப் பீலித் தண்ணீரையே ஊற்றியதன் பலன் அது. கூலண்ட் பனிக்கு மட்டும் இல்லை, துருவுக்கும்தான். அந்தத் துருத்தூள்தான் சீலை அரைக்கிற அரம். இது என் தப்பு, வேறு யார் மேலும் போட முடியாது.

ஓல்டனேட்டரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்து, விசிறியின் நான்கு போல்ட்டைக் கழற்றி, பிறகு பம்ப்பின் போல்ட்டுகள். கடைசிப் போல்ட் தலை முறிந்துவிட்டது. நான் பலம் போட்டுவிட்டேன். வாப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்: "சூடு காட்டாம ஏன்டா திருப்பினாய்?" மிச்சத் தண்டை எடுக்க ஒரு மத்தியானம் போனது. நடுவில் துளை போட்டு, இடது பக்கம் திருப்பினால் கடித்துக்கொண்டு வெளியே இழுக்கிற கருவியால் எடுத்தோம். எடுத்தோம் என்று சொன்னது அந்தப் பத்தாம் ஆண்டுப் பிள்ளையையும் சேர்த்து. அவன் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு இரண்டாம் நாளும் வந்து டோர்ச் பிடித்தான்.

கடையில் வாங்கிய கெஸ்கட் இருந்தது. இருந்தாலும் அவனுக்காக ஒன்றை அட்டையில் தட்டிக் காட்டினேன். முதல் அட்டை கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. வாப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். கை நடுங்குகிற மனிதர். சுத்தியல் பிடித்தால் நடுங்குவதில்லை.

பழைய கெஸ்கட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பம்ப்பை வைத்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் அலுமினிய உடல் வெடிக்கும். கூலண்ட் கலந்து மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டைக்குக் கீழே வெள்ளைக் கடதாசி ஒன்றை வைத்தான் அந்தப் பிள்ளை. அரை மணித்தியாலம் கழித்தும் கடதாசி காய்ந்துதான் இருந்தது.

அடுத்த நாள் மூன்று பேரும் அப்புத்தளைக்கு ஏறினோம். ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை தாண்டி எங்கேயும் நிறுத்தவில்லை. சூட்டு முள் பாதிக்கு மேலே போகவில்லை. வாப்பா வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு, இந்த வளைவில் ஒரு பீலி இருந்தது, அந்த வளைவில் ஒன்று இருந்தது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் இப்போது இல்லை, ரோடு அகலமாக்கும்போது போய்விட்டன.

போன வருடம் போட்ட அந்தப் புது பம்ப்பை எறியவில்லை. எண்ணெய்த் துணி சுற்றி அதே பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். உம்மா பார்த்துவிட்டு, "நீயும் தொடங்கிட்டியா" என்றார்.